சென்னை ஃப்ளாட்டுக்குள் எந்த நிறம்? நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்

"பெட்ரூமுக்கு நீலம் போடுங்க, மனசு அமைதியா இருக்கும்." வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்று சொன்னதும் இப்படி ஒரு யோசனை வந்துவிடும். கூடவே மஞ்சள் உற்சாகம் தரும், சிவப்பு பசியைத் தூண்டும், பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று ஒரு பட்டியலும் வரும். ஆனால் பெயிண்ட் கடையில் ஷேட் கார்டைப் பிரித்தால் நீலத்திலேயே பக்கம் பக்கமாக இருக்கிறது. வெளுத்த வானம் மாதிரி ஒன்று, எம்.எஸ். ப்ளூ மாதிரி ஒன்று, கிட்டத்தட்டக் கறுப்பாகவே ஒன்று. இவற்றில் எது அமைதி தரும்? பட்டியலில் அதற்குப் பதில் கிடையாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலமா மஞ்சளா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அழுத்தம், அதாவது மங்கலா பளீரா? அது ஏறப்போகும் சுவரில் எந்த வெளிச்சம், எந்த நேரத்தில் விழுகிறது? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் மூன்றாவது கேள்வி பெரும்பாலும் சுலபமாகிவிடும்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு வீட்டை வைத்துப் பேசுவோம். சென்னையில் 850 சதுர அடி, இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். ஹாலுக்கு மேற்கே பால்கனி. ஒரு பெட்ரூம் ஜன்னல் வடக்கே தெருவைப் பார்க்கிறது. இன்னொரு பெட்ரூம் ஜன்னலைத் திறந்தால் சில அடி தள்ளிப் பக்கத்து அபார்ட்மெண்ட்டின் சுவர். தரையில் வெளிர் கிரீம் டைல்ஸ். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, பாட்டி பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார். இப்படிப்பட்ட வீடுகள் நம் ஊரில் ஏராளம். இவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: வீடு முழுக்க வெள்ளை, வெளிர் நீலமும் பச்சையும், மஞ்சள் மண் நிறங்கள், மூன்று சுவரை வெளிறாக விட்டு ஒன்றில் மட்டும் அழுத்தமான நிறம்.

நிறம் மனதை என்ன செய்கிறது?

நிறத்துக்கும் மனதுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அந்தப் பட்டியல் சொல்கிற மாதிரியான தொடர்பு இல்லை. 1994-ல் வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இரண்டு உளவியலாளர்கள் நிறத் துண்டுகளைக் காட்டி, பார்த்தவர்களின் உணர்வை அளந்தார்கள். ஒரு நிறம் இதமாகப் படுவதற்கு முக்கியக் காரணமாக இருந்தது அதன் வெளிர்மை. பரபரப்பைக் கூட்டியது அதன் அழுத்தம். சிவப்பா நீலமா என்பதன் பங்கு இவற்றைவிடக் குறைவு. அப்படியானால் பளீரென்ற நீலம், மங்கிய செம்மண் நிறத்தைவிட மனதை அதிகம் கிளறலாம். "நீலம் அமைதி" என்பதை மட்டும் நம்பிப் பளிச்சென்ற நீலத்தை நான்கு சுவரிலும் ஏற்றினால் எதிர்பார்த்தது கிடைக்காது.

எனக்கு இன்னும் பிடித்த ஆய்வு இத்தாலியின் பீசா நகரில் நடந்தது. ஒரே மாதிரி கட்டப்பட்ட ஆறு மாணவர் விடுதிக் கட்டடங்கள். உள்ளே நிறம் மட்டும் ஊதா, நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வேறுவேறு. சராசரியாக ஓராண்டுக்கு மேல் அங்கே குடியிருந்த 443 மாணவர்களிடம் கேட்டு, 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிகம் பிடித்தது நீலம், அடுத்து பச்சை, கடைசியில் சிவப்பு. நீலம் படிக்க உதவுகிறது என்றும் மாணவர்கள் சொன்னார்கள். மதிப்பெண் கூடியது என்று இதற்கு அர்த்தமில்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் சுவர்களுக்குள் மாதக்கணக்கில் தூங்கி எழுந்தவர்களின் பேச்சு என்பதால் நான் இதை மதிக்கிறேன்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கடற்படைச் சிறை அறை ஒன்றுக்கு ஒருவகை ரோஸ் நிறம் அடித்தார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் அடங்கிவிட்டது என்ற செய்தி பரவி, வேறு பல சிறைகளும் அதையே செய்தன. பிற்பாடு சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் ரோஸ் அறையையும் வெள்ளை அறையையும் முறையாக ஒப்பிட்டபோது வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மஞ்சள் அறையில் குழந்தை அதிகம் அழும் என்று சுற்றிவரும் பேச்சையும் இந்த வரிசையிலேயே வையுங்கள். அதை நம்பிக் குழந்தையின் அறைக்கு நிறம் முடிவு செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2010-ல் பால்மர், ஷ்லாஸ் என்ற இருவர் முன்வைத்த விளக்கம் இது: நமக்குப் பிடித்த பொருள்களில் அதிகம் கண்ட நிறம் பிடிக்கும், பிடிக்காதவற்றில் கண்ட நிறம் பிடிக்காது. நம் வீடுகளில் இது நன்றாகவே பொருந்துகிறது. வயல் பச்சையைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதமாகப் படும் ஒரு பச்சை, அரசு ஆஸ்பத்திரி வராண்டாவில் பல இரவுகள் உட்கார்ந்தவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆஸ்பத்திரிக்குள் பச்சை வந்த காரணமும் மன அமைதி இல்லை. 1914-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், வெள்ளைச் சுவரும் வெள்ளைத் துணியும் கண்ணைக் கூசச்செய்கின்றன என்றுதான் அறுவை அறையைப் பச்சைக்கு மாற்றினார். ஆகவே ஷேட் கார்டை எடுப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும், முக்கியமாகப் பாட்டியை, ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெள்ளையும் கறுப்பும் மஞ்சளும் அவருக்கு எதை நினைவூட்டுகின்றன என்பது எந்த உளவியல் பட்டியலிலும் இருக்காது.

நம் ஊர் வெயில், நம் வீட்டு பல்பு

ஐரோப்பிய, அமெரிக்க வீட்டு அலங்காரக் குறிப்புகளில் அடிக்கடி வரும் வரி, வடக்கு பார்த்த அறை இருட்டாகவும் குளிராகவும் இருக்கும், அதனால் சூடான நிறம் அடியுங்கள் என்பது. அவர்கள் ஊருக்கு அது சரி. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் நேர் வெயிலே அடிக்கும். மீதி மாதங்களில் அங்கே சீரான, கூசாத வெளிச்சம் வரும். நம் வீடுகளில் வடக்கு அறை நல்ல அறை. படாத பாடு படுத்துவது மேற்கு. பிற்பகல் மூன்று மணியிலிருந்து செம்மஞ்சள் வெயில் உள்ளே வந்து எந்த நிறத்தையும் மஞ்சள் பக்கம் தள்ளிவிடும்.

எதிர்வீட்டுச் சுவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சில அடி தள்ளி ஆரஞ்சு அடித்த அபார்ட்மெண்ட் இருந்தால், உங்கள் ஜன்னல் வழியாக வருவது ஆரஞ்சு கலந்த வெளிச்சம். வாசலில் வேப்பமரம் நின்றால் லேசான பச்சை. தரையும் அப்படித்தான், சிவப்பு ஆக்சைடு தரை, சுவரின் கீழ்ப்பாதியைச் சிவக்க வைக்கும்.

சூரியன் போனபின் பல்பின் ஆட்சி. வேலைக்குப் போகிற குடும்பம் ஹாலைப் பார்ப்பது பெரும்பாலும் இரவில்தான். நம் வீடுகளில் அதிகம் இருப்பது 6500 கெல்வின் எல்.இ.டி. டியூப், பெட்டியில் "கூல் டே லைட்" என்று போட்டிருக்கும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் நீலம் கூடும், குறைந்தால் மஞ்சள். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் அது. அதற்குக் கீழே வெளிர் நீலச் சுவர் சில்லிட்டுத் தெரியும், எலுமிச்சை மஞ்சள் பச்சையடித்துத் தெரியும். 3000 கெல்வின் "வார்ம் வொயிட்" போட்டால் அதே சுவர்கள் வேறு ஆளாகிவிடும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: இரவில் நீலம் மிகுந்த வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, நீலச் சுவர் தூக்கம் தரும் என்பதற்கு அப்படிப்பட்ட ஆதாரம் இல்லை. தூக்கத்துக்காக பெட்ரூமை மாற்ற நினைப்பவர்கள் பெயிண்டருக்கு போன் செய்வதற்கு முன்னால் பல்பை மாற்றிப் பார்க்க வேண்டும்.

வழிகளுக்குப் போவதற்கு முன் ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். பல பெயிண்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி. என்று ஒரு அளவு தருகின்றன. சுவரில் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் அறைக்குள் திரும்பி வருகிறது என்பது அது. நல்ல வெள்ளைக்கு 85-ஐ ஒட்டி இருக்கும், வெளிர் நிறங்களுக்கு 65 முதல் 75, அடர் நிறங்களுக்கு 20-க்கும் கீழே. கார்டில் அச்சிட்டிருக்காவிட்டால் கடையில் கேளுங்கள்.

வழி ஒன்று: வீடு முழுக்க வெள்ளை

செலவு குறைவு, பின்னால் ஒட்டுப்போடுவது சுலபம், பர்னிச்சர் மாற்றினாலும் பிரச்சினை இல்லை. வீட்டை விற்பதாகவோ வாடகைக்கு விடுவதாகவோ எண்ணம் இருந்தால் இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது.

செட்டிநாட்டு வீடுகள் வெள்ளையின் அழகுக்கு நல்ல சாட்சி. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பளிங்கு போல இழைத்த சுவர்கள் அவை. ஆனால் அங்கே நிறத்தை மற்றவை சுமந்தன: கறுத்த தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், கண்ணாடி ஜன்னலின் வண்ணங்கள், முற்றத்திலிருந்து நேராக விழும் வெயில். நம் ஃப்ளாட்டில் டைல்ஸ் வெளிர் கிரீம், சீலிங் வெள்ளை, மேலே 6500 கெல்வின் டியூப். இதில் சுவரும் வெள்ளையானால் கிளினிக் வாசம் வந்துவிடுகிறது. இன்னொரு ஏமாற்றமும் உண்டு. வெளிச்சம் வராத அறையில் வெள்ளை பிரகாசமாகத் தெரியாது. திருப்பித் தருவதற்கு வெளிச்சம் இல்லாததால் அழுக்குச் சாம்பலாகத் தெரியும். பக்கத்துச் சுவரைப் பார்க்கும் அந்த இரண்டாவது பெட்ரூமில் இதுதான் நடக்கும்.

வெள்ளையே வேண்டும் என்றால் எந்த வெள்ளை என்று பாருங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். மஞ்சள் தட்டாமல் பளிச்சென்று தெரிய அது உதவும். வெயிலில் நிற்கும் சுவருக்கு அது பொருத்தம். டியூப் லைட் வெளிச்சத்தில் இருக்கும் உள்சுவருக்கு லேசாக மஞ்சள் தட்டிய ஆஃப் வொயிட்தான் நல்லது.

வழி இரண்டு: வெளிர் நீலம், வெளிர் பச்சை

ஆய்வுகளில் நல்ல பெயர் வாங்கியிருப்பது இந்தக் குடும்பம்தான். வெக்கை ஊருக்குப் பொருத்தம் என்றும் சொல்வார்கள். உள்சுவரின் நிறம் அறையின் வெப்பத்தைக் குறைக்காது. அதைச் செய்வது மொட்டைமாடியில் அடிக்கும் வெள்ளைப் பூச்சும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் நிழலும். நீல அறையில் குளிர்ச்சியாக உணர்கிறோமா என்று பார்த்த சோதனைகளில் சிலவற்றில் சிறிய வித்தியாசம் வந்தது, சிலவற்றில் வரவில்லை. ஏ.சி. பில் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் குடும்பத்தின் உண்மையான பலம் மேற்கு அறையில் தெரியும். மாலை வெயிலின் செம்மஞ்சளைச் சாம்பல் கலந்த வெளிர் பச்சை தணித்துவிடுகிறது. அந்த நேரத்தில் சுவர் பச்சையாகவே தெரியாது, நடுநிலையான ஒரு மென்நிறமாக நிற்கும். இரவில் 3000 அல்லது 4000 கெல்வின் விளக்குக்கு மறுபடி பச்சை எட்டிப்பார்க்கும். நீலத்தைவிடப் பச்சை இங்கே பத்திரம். நீலம் சற்று தவறினாலும் பழைய டிஸ்டம்பர் அடித்த பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும்.

பாட்டியை மறக்க வேண்டாம். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறையும், நீலங்கள் மங்கும், வெளிர் நீலத்தையும் சாம்பலையும் பிரித்தறிவது கடினமாகும். சுவர், கதவு, நிலை எல்லாவற்றையும் ஒரே வெளிர் நீலத்தில் அடித்தால் அவருக்கு விளிம்புகள் தெரியாது. கதவு நிலையும் சுவிட்ச் போர்டும் சுவரிலிருந்து தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும். இது எந்த நிறத்துக்கும் பொருந்தும், ஆனால் தவறு அதிகம் நடப்பது இந்த வழியில்தான்.

வழி மூன்று: மஞ்சளும் மண் நிறங்களும்

இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பேசக் கூடாது. ஒன்று எலுமிச்சை மஞ்சள், மாம்பழ மஞ்சள், ஆரஞ்சு போன்ற துள்ளும் நிறங்கள். வால்டெஸ், மெஹ்ராபியன் ஆய்வில் மிகக் குறைந்த இதம் பெற்றவை பச்சை தட்டிய மஞ்சள்கள். நம் டியூப் லைட்டோ சாதாரண மஞ்சளையே அந்தப் பக்கம் இழுக்கிறது. நான்கு சுவரிலும் அடித்தால் ஒன்றின் நிறம் இன்னொன்றில் பட்டுத் திரும்பி, கார்டில் பார்த்ததைவிட இன்னும் ஏறிப்போய்த் தெரியும். தவிர, பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் அடியில் இருப்பதை எளிதில் மறைக்காது. இரண்டு கோட்டில் முடியாமல் மூன்றாவதும் தேவைப்படும்.

இரண்டாவது வகை காவி, செம்மண், சந்தனம், வெங்காயத்தோல் போன்றவை. நிறம் இருக்கும், அழுத்தம் அடங்கியிருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பகுதியின் வெள்ளை ஓரமிட்ட மஞ்சள் சுவர்களும், கோவில் மதிலின் காவிப் பட்டையும் நம் கண்ணுக்குப் பழகியவை. இந்த நிறங்களுக்கு ஆதாரம் இரும்பு ஆக்சைடு. வெயிலில் எளிதில் வெளுக்காது. அதே இடத்தில் பளிச்சென்ற சிவப்போ மஞ்சளோ பல நேரங்களில் சீக்கிரம் மங்கிவிடும். இந்த வகையின் வெளிர் ஷேடுகளை, அதாவது எல்.ஆர்.வி. 65-க்கு மேல் இருப்பவற்றை, இருட்டு அறைக்கு நான் முதலில் சொல்வேன். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் அவை சாம்பலாகாமல் நிற்கின்றன, தோலின் நிறத்தையும் நன்றாகக் காட்டுகின்றன. மேற்கு ஹாலுக்கு மட்டும் வேண்டாம். நாலு மணிக்கு அறை தீப்பிடித்த மாதிரி ஆகிவிடும்.

வழி நான்கு: ஒரே சுவரில் அழுத்தம்

பெயிண்டர்கள் இதை ஹைலைட் சுவர் என்பார்கள். மயில்கழுத்து, அரக்கு, ராமர் பச்சை போன்ற நிறங்கள் மேல் ஆசை இருந்தால் அதற்கு இதுதான் இடம். அழுத்தம் மனதைக் கிளறுகிறது என்றால் அதை அளவாக வைத்துக்கொள்ள இது நியாயமான வழி. ஆனால் எந்தச் சுவர் என்பதில் கவனம் வேண்டும். ஜன்னல் இருக்கும் சுவருக்கு அடர் நிறம் போட்டால் பளீரென்ற ஜன்னலும் கறுத்த சுவரும் பக்கம் பக்கமாக நின்று கண்ணைக் கூசும். டி.வி. பின்னாலும் மிக அடர்ந்த நிறம் வேண்டாம், விளக்கை அணைத்துப் பார்க்கும்போது திரைக்கும் சுவருக்கும் வித்தியாசம் கூடிக் கண் களைக்கும். நடுத்தர நிறம் போதும். கட்டில் தலைமாட்டுச் சுவர் நல்ல தேர்வு. உள்ளே நுழையும்போது கண்ணில் படும், படுத்தபின் பார்வையில் இருக்காது.

பராமரிப்பையும் யோசியுங்கள். அடர் நிற மேட் பூச்சில் கை பட்டாலும் நாற்காலி உரசினாலும் வெள்ளைக் கோடு விழும், ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியும். மறுபடி வெளிர் நிறத்துக்கு வர பிரைமரும் கூடுதல் கோட்டும் ஆகும். பளபளப்புப் பூச்சு துடைக்க வசதி, ஆனால் பட்டி பார்த்ததில் இருக்கும் மேடுபள்ளம் எல்லாம் வெளியே வரும்.

இந்த வீட்டுக்கு என் தேர்வு

ஒரே நிறத்தில் வீட்டை முடிக்க நான் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு அறைக்கும் ஒன்று என்றும் சொல்ல மாட்டேன். 850 சதுர அடியில், ஒரு ஹைலைட் சுவரைத் தவிர்த்து, மூன்று ஷேடுக்கு மேல் போனால் கதவைத் திறந்தாலே நிறங்கள் மோதும். ஹாலுக்கும் நடைக்கும் சாம்பல் கலந்த வெளிர் பச்சை, மேற்கு வெயில்தான் காரணம். பக்கத்துச் சுவரைப் பார்க்கும் பெட்ரூமுக்கு வெளிர் சந்தனம். வடக்கு அறையைப் பிள்ளைக்குக் கொடுத்து, மூன்று சுவர் ஆஃப் வொயிட், தலைமாட்டுச் சுவருக்குப் பிள்ளைக்குப் பிடித்த நீலமோ எதுவோ. நிறத்தின் பலன் பாதி பழக்கத்தில் இருக்கிறது என்பதால் அந்த ஒரு சுவரைக் குழந்தையே தேர்வு செய்யட்டும். சீலிங் எல்லா அறையிலும் அந்த ஆஃப் வொயிட்டே. சமையலறையில் எண்ணெய்ப் புகையும் மஞ்சள் தூளும் எப்படியும் சுவரைத் தொடும். துடைக்கக்கூடிய எமல்ஷனில் ஹாலின் நிறமே போதும். ஹால் கிழக்கு பார்த்ததாக இருந்தால் என் பதில் மாறும், அங்கே சந்தனம் அருமையாக இருக்கும்.

முடிவு செய்வதற்கு முன் ஷேட் கார்டின் சிறு கட்டத்தை நம்பாதீர்கள். சுவரில் ஏறியதும் அது எப்போதும் கூடுதலாகத் தெரியும். மனதில் இருப்பதைவிட ஒரு படி வெளிறானதை எடுங்கள். சின்ன டப்பா வாங்கி, பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விளிம்பு விட்டுக் காய வையுங்கள். பழைய நிறத்தின் மேலேயே அடித்துப் பார்த்தால் பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும். அட்டையைக் காலை, பிற்பகல் நாலு மணி, இரவு விளக்கு என மூன்று வேளையும், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் பக்கச்சுவரிலும் வைத்துப் பாருங்கள். பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் பல்பு, பிறகுதான் அட்டை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சுதந்திரம் குறைவு. காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது சென்னையில் பரவலான வழக்கம். சுவருக்கு அடர் நிறம் அடித்திருந்தால் பேச்சு இன்னும் நீளும். ஓனரின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள். ஹாலில் 6500 டியூபோடு இரவுக்கென்று ஒரு 3000 கெல்வின் விளக்கைத் தனி சுவிட்சில் போடுங்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளிர் பச்சைத் திரையும், இருட்டு பெட்ரூமில் சந்தன நிற விரிப்பும் போட்டால் நான் மேலே பெயிண்டில் சொன்னதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். வீடு மாறும்போது எல்லாவற்றையும் கூடவே எடுத்துப்போகலாம்.